வந்தபின் ஓடாமல் வருமுன் செய்ய: கடலூர் வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

கடலூர் மாவட்டத்தில் ஓர் ஆண்டில் பெய்யும் மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. வங்கக் கடலில் உருவாகும் புயல்கள் நம் கரைப்பக்கம் திரும்புவதும் பெரும்பாலும் அதே மாதங்களில்தான். இங்கே நாலு மழைக்காலம் பார்த்த எவருக்கும் இது தெரிந்த செய்தி. ஆனாலும் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய தகவல் வந்த அன்று மாலைதான் முதுநகரிலும் மஞ்சக்குப்பத்திலும் மெழுகுவத்தி, தார்ப்பாய், பால் பாக்கெட், டார்ச் லைட் பேட்டரி என்று தேடி அலைகிறோம்; கிடைத்ததை, சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டு, நனைந்தபடி வீடு திரும்புகிறோம். அன்று வாங்கிய ஒவ்வொரு பொருளும் ஆகஸ்ட் மாதத்தில் அதே கடையில், அதே அலமாரியில் இருந்தது.

புயல் ஓர் எடுத்துக்காட்டுதான். பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கைக்கான சான்றிதழ், பைக் காப்பீடு, அம்மாவின் பிரஷர் மாத்திரை, மாடியிலிருந்து ஒழுகும் தண்ணீர் என்று நம் வீடுகளில் அவசரமாக வந்து நிற்பவற்றில் பெரும்பகுதி, வரும் என்று முன்பே தெரிந்தவையே. சிலவற்றுக்கு நாளும் தெரியும். சிலவற்றுக்கு நாள் மட்டும் தெரியாது. வந்தபின் ஓடும் பழக்கத்திலிருந்து வருமுன் செய்யும் பழக்கத்துக்கு மாற விரும்புகிறவர் முதலில் செய்ய வேண்டியது, முடிவெடுக்கும் நேரத்தை மாற்றுவது. நெருக்கடியின் நடுவில் நின்று எடுக்க வேண்டிய முடிவை, வேறு தொல்லை எதுவும் இல்லாத ஒரு சாதாரண நாளில் எடுத்து, அதை ஒரு தேதியோடோ ஓர் அடையாளத்தோடோ சேர்த்துக் கட்டிவிட வேண்டும். பின்வரும் வழிமுறைகள் எல்லாம் இந்த ஒன்றைச் செய்வதற்கான பல வகைகளே.

தொடங்கும் முன் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிடலாம். ‘அவருக்கு முன்யோசனை இயல்பாகவே உண்டு, எனக்கு அது வராது’ என்று சொல்லிக்கொள்கிறவர்கள், நிறையக் கவலைப்படுகிறவரைத்தான் முன்யோசனைக்காரர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கவலை ஒரே கேள்வியை இரவெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கும்; முன்னேற்பாடு அந்தக் கேள்வியை ஒருமுறை கேட்டு, விடையை எழுதி, யாரோ ஒருவர் செய்யவேண்டிய வேலையாக மாற்றிவிட்டு நகர்ந்துவிடும். பெருங்கவலைக்காரர்களின் வீட்டிலும் மழை நாளில் டார்ச் லைட்டைத் தேடிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறோம். எதற்கும் அலட்டிக்கொள்ளாதவர்களின் வீட்டில் அது ஆணியில் தொங்குவதையும் பார்க்கிறோம்.

கடந்த ஆண்டின் அவசரங்களை எழுதுங்கள்

புதிய திட்டம் எதையும் போடும் முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் உட்கார்ந்து, கடந்த பன்னிரண்டு மாதங்களில் வீட்டைப் பதறவைத்த நிகழ்ச்சிகளைப் பட்டியலிடுங்கள். நினைவை மட்டும் நம்பினால் பெரிய சங்கடங்கள் மட்டுமே வரும், சிறியவை நழுவிவிடும். ஆகவே கைப்பேசியில் வங்கி அனுப்பிய குறுஞ்செய்திகளையும், பணப்பரிமாற்றச் செயலிகளின் கணக்கையும், வீட்டு வாட்ஸ்அப் குழுவில் ‘உடனே கூப்பிடு’ என்று வந்த செய்திகளையும் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். அபராதம், தாமதக் கட்டணம், நண்பரிடம் வாங்கிய கைமாற்று, அரைநாள் விடுப்பு, ஆட்டோவுக்குக் கொடுத்த கூடுதல் பணம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் அவசரம் இருக்கும்.

ஒவ்வோர் அவசரத்துக்கும் பக்கத்தில் ஒரே ஒரு கேள்விக்கு விடை எழுதுங்கள்: இது வரும் என்று தெரிந்துகொள்ள முடிந்த முதல் நாள் எது? பைக் காப்பீட்டின் முடிவுத் தேதி, அதை வாங்கிய அன்றே தாளில் அச்சாகியிருந்தது. கேஸ் சிலிண்டர் தீர்ந்தது விருந்தாளி வந்த இரவில்தான் என்றாலும், முந்தைய சிலிண்டர் எத்தனை நாள் வந்தது என்று கணக்குப் பார்த்திருந்தால் பத்து நாள் முன்பே தெரிந்திருக்கும். மாடிச் சுவரில் ஈரம் பரவியது நவம்பரில். அந்த இடத்தில் சுண்ணாம்பு உரிந்து நின்றது ஏப்ரலிலிருந்தே. இப்படி எழுதி முடித்தால், முற்றிலும் எதிர்பாராதவை என்று சொல்லத்தக்கவை பட்டியலில் மிகச் சிலவாகவே மிஞ்சும். அந்தச் சிலவற்றைத் தனியே ஒதுக்கி வையுங்கள். அவற்றுக்கு வேறு வழி உண்டு, பிறகு வருகிறது.

யார் மீது தவறு என்று இந்தப் பட்டியலில் எழுத வேண்டாம். அதை எழுதத் தொடங்கினால் வீட்டில் யாரும் இரண்டாம் முறை உட்கார மாட்டார்கள்.

கடைசி நாளை விட்டுத் தொடங்கும் நாளைக் குறியுங்கள்

நாள் தெரிந்தவற்றில் நாம் வழக்கமாகச் செய்யும் பிழை, காலண்டரில் கடைசித் தேதியை வட்டமிடுவது. கடைசித் தேதி, வேலை முடிந்திருக்க வேண்டிய நாளை மட்டுமே சொல்கிறது. என்றைக்குக் கையைப் போட வேண்டும் என்பதைச் சொல்வதில்லை. வட்டமிட வேண்டியது தொடங்கும் நாளை. அதுவும் ‘சான்றிதழ்’ என்று ஒற்றைச் சொல்லாக இல்லாமல், ‘இ-சேவை மையத்துக்குப் போய் வருமானச் சான்றுக்கு விண்ணப்பிப்பது’ என்று செய்யும் செயலாக எழுதப்பட வேண்டும்.

பிளஸ் டூ படிக்கும் பிள்ளை உள்ள வீட்டை எடுத்துக்கொள்வோம். தேர்வு முடிவு மே மாதம் வரும்; அதை ஒட்டியே சேர்க்கை விண்ணப்பங்களும் வரும்; அப்போது சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகிறவர் என்றால் அதற்கான சான்று என்று எல்லோரும் ஒரே வாரத்தில் இ-சேவை மையத்தில் குவிவார்கள். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குப் போக வேண்டும். இடையில் ஒரு பெயரின் எழுத்துப்பிழைக்காகத் திரும்பியும் வரலாம். சாதிச் சான்று ஒருமுறை வாங்கினால் போதும் என்பதால் அதைப் பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் இருக்கும்போதே முடித்துவிடலாம். வருமானச் சான்றுக்குக் காலவரம்பு உண்டு என்பதால் அதை மிக முன்னதாக வாங்குவதில் பயனில்லை. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் விண்ணப்பிப்பது பொருத்தமாக இருக்கும். அதற்கும் முன்னால், டிசம்பர் விடுமுறையிலேயே ஆதார், குடும்ப அட்டை, பள்ளிப் பதிவு ஆகிய மூன்றிலும் பெயரும் தகப்பனார் பெயரும் முதலெழுத்தும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும். சேர்க்கை நேரத்தில் அலைய வைப்பது பெரும்பாலும் இந்த முதலெழுத்துதான்.

அரசு விதிகள் பலவும் முன்கூட்டிச் செய்கிறவருக்கு இடம் வைத்தே எழுதப்பட்டிருக்கின்றன, நாம்தான் பார்ப்பதில்லை. ஓட்டுநர் உரிமத்தை அது முடிவதற்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்கலாம். முடிந்து ஓராண்டைக் கடத்திவிட்டால் மறுபடியும் ஓட்டிக் காட்ட வேண்டியிருக்கும். பாஸ்போர்ட்டையும் முடிவதற்கு ஓராண்டு இருக்கும்போதே புதுப்பிக்கக் கேட்கலாம். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோர் நிறைந்த லால்பேட்டை, பரங்கிப்பேட்டைப் பக்கங்களில் இது நன்றாகத் தெரிந்த விஷயம். பல நாடுகள் பயணத்தின்போது குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டைக் கேட்பதால், அட்டையில் உள்ள முடிவுத் தேதிக்கு ஆறு மாதம் முன்பே அது உண்மையில் முடிந்துவிடுகிறது. வாகனக் காப்பீட்டை 90 நாளுக்கு மேல் புதுப்பிக்காமல் விட்டால், இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகச் சேர்ந்த தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் கையைவிட்டுப் போகும். சொத்துவரியை அரையாண்டு தொடங்கிய முதல் 30 நாளுக்குள், அதாவது ஏப்ரல் இறுதிக்குள்ளோ அக்டோபர் இறுதிக்குள்ளோ கட்டிவிட்டால், தமிழக நகர்ப்புற உள்ளாட்சிகளில் 5 சதவீதம் ஊக்கத்தொகை கிடைக்கிறது. உச்சவரம்பு 5000 ரூபாய். கடலூர் 2021-இல் மாநகராட்சி ஆனபிறகு வரியைப் பற்றிப் பேசாத தெருவே இல்லை. அந்த ஐந்து சதவீதத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

சம்பா பயிரிடும் வீடுகளுக்கும் இது பொருந்தும். பிரதமரின் பயிர்க் காப்பீட்டில் சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டவேண்டியது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான். கடைசி நாள் வழக்கமாக நவம்பர் நடுவில் வரும். அதற்குள் பருவமழை தொடங்கி ஒரு மாதம் ஆகியிருக்கும். நாள் நீட்டிக்கப்படும் என்ற நம்பிக்கையில் காத்திருப்பதைவிட, நடவு முடிந்த கையோடு பயிர்ப் பதிவான அடங்கலை வாங்கி, நில உரிமைப் பதிவான சிட்டா, வங்கிப் புத்தகம், ஆதார் நகல் ஆகியவற்றோடு பொதுச் சேவை மையத்தில் கட்டிவிடுவது மேல். காப்பீட்டில் அடங்கும் உள்ளூர்ச் சேதம் நேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதையும், தெரிவிக்க வேண்டிய எண்ணையும், ரசீதின் பின்பக்கத்திலேயே எழுதி வைத்துவிடலாம். வயலில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது அந்த எண்ணைத் தேடும் மனநிலை யாருக்கும் இருக்காது.

ஓய்வான காலத்தை வேலைக்காலமாகப் பயன்படுத்துவதைக் கற்க வேண்டுமானால் துறைமுகத்துக்குப் போய்ப் பார்ப்பது நல்லது. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்காக விதிக்கப்பட்ட அந்த இடைவெளி, கரையில் ஒரு பராமரிப்புப் பருவமாகவே ஆகிவிட்டது. படகைக் கரையேற்றி அடிப்பாகத்தைச் சுரண்டுவதும், பலகை மாற்றுவதும், வண்ணம் பூசுவதும், எஞ்சினைப் பிரித்துப் போட்டு ஒவ்வொரு பாகமாகக் கழுவித் துடைப்பதும், மர நிழலில் உட்கார்ந்து வலை முடிவதும் அந்த இரண்டு மாதத்தில் நடக்கின்றன. படகில் ஏறப் பழகும் பையன், ‘இது நல்லாத்தானே மாமா ஓடுது, எதுக்குப் பிரிக்கிறீங்க?’ என்று ஒரு பம்பைக் காட்டிக் கேட்டால், ‘இங்க நின்னா ஒரு மெக்கானிக்கு வருவான், நடுக்கடல்ல நின்னா யாருடா வருவா?’ என்ற பதில் வரும். ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைப் பிரித்துப் பார்க்கும் இந்தத் துணிவு கரையில் உள்ள நம் வீடுகளில் அபூர்வம். உங்கள் வீட்டுக்கும் ஒரு தடைக்காலத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பலருக்கு ஆடி மாதம் பொருந்தும்: கல்யாணம், கிரகப்பிரவேசம் போன்ற செலவுகள் இல்லை, மழை தொடங்கவும் நாள் இருக்கிறது. இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது முதல் பல் டாக்டரைப் பார்ப்பது வரை, உடைவதற்கு முன் பார்க்க வேண்டியவற்றை எல்லாம் அந்த மாதத்துக்குத் தள்ளிவிடலாம்.

நாள் தெரியாதவற்றுக்கு அடையாளம் வையுங்கள்

வரும் என்று தெரிந்து, நாள் மட்டும் தெரியாதவற்றைக் காலண்டரில் எழுத முடியாது. அவற்றுக்கு ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்ற வடிவில் வாக்கியம் எழுத வேண்டும். ‘மழைக்காலத்தில் கவனமாக இருப்பேன்’ என்பது உறுதிமொழி. ‘ஆரஞ்சு எச்சரிக்கை வந்தால் பைக்கை அக்கா வீட்டு மேட்டில் விடுவேன்’ என்பது ஏற்பாடு. இலக்கை மட்டும் வைத்திருப்பவர்களைவிட, எந்த நேரத்தில், எந்த இடத்தில், என்ன செய்வது என்று இப்படி முன்கூட்டி இணைத்து வைத்தவர்கள் சொன்னதைச் செய்து முடிப்பது அதிகம் என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் 1990-களில் தம் ஆய்வுகளில் காட்டினார். அடையாளம் கண்ணில் பட்டவுடன் செயல் நினைவுக்கு வந்துவிடுகிறது. அந்த நிமிடத்தில் யோசித்து முடிவெடுக்கும் சுமை குறைந்துவிடுகிறது.

கடலூர்க்காரர்களுக்கு இதற்கான அடையாளங்களைப் பிறர் ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறார்கள். துறைமுகப் புயல் கூண்டுகளில் 1, 2 ஆகியவை தொலைவில் கடலில் நடப்பதைச் சொல்கின்றன. 3, 4 ஆகியவை துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரக்கூடும் என்கின்றன. 5 முதல் 7 வரை அபாயம். 8 முதல் 10 வரை பெரும் அபாயம். 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். 5-ஐவிட 6 கடுமை, 6-ஐவிட 7 கடுமை என்று பலர் நினைக்கிறார்கள். அந்த மூன்றும் ஒரே அளவு அபாயத்தைத்தான் குறிக்கின்றன, புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதில்தான் வேறுபடுகின்றன. கூண்டு கப்பலுக்கும் படகுக்கும் உரியது. வீட்டுக்கு நெருக்கமானவை இந்திய வானிலை ஆய்வு மையத்தின் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளும், புயலுக்கு 72 மணி, 48 மணி, 24 மணி நேரம் முன்பாக அது படிப்படியாக வெளியிடும் அறிவிப்புகளும். செய்தியில் ‘மிக கனமழை’ என்று சொன்னால் ஒரு நாளில் 11.5 செ.மீ.க்கு மேல் என்றும், ‘அதி கனமழை’ என்று சொன்னால் 20 செ.மீ.க்கு மேல் என்றும் பொருள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று கேட்டுக் கடந்துவிடக் கூடாது.

இவற்றை வைத்து வீட்டுக்கான தாள் ஒன்றை எழுதுங்கள். ‘கடலில் தாழ்வு மண்டலம்’ என்ற செய்தி வந்தால்: மாத்திரை பத்து நாளுக்கு இருக்கிறதா என்று பார்ப்பது, சிலிண்டர் பதிவு செய்வது, கையில் ரொக்கம் எடுத்து வைப்பது. ஆரஞ்சு என்றால்: மேல்நிலைத் தொட்டியை நிரப்புவது, பவர் பேங்கை ஏற்றுவது, மாடியில் உள்ள பூந்தொட்டி, தகரம், பழைய நாற்காலி ஆகியவற்றைக் கீழே இறக்குவது. சிவப்பு என்றால்: பத்திரம், சான்றிதழ்கள், காப்பீட்டுத் தாள்கள் உள்ள பையைப் பரணில் வைப்பது, தாழ்வான பகுதியில் இருப்பவர் என்றால் பகல் வெளிச்சம் இருக்கும்போதே முதியவர்களை உறவினர் வீட்டுக்கு அனுப்புவது. ஒவ்வொரு வேலைக்கும் எதிரில் ஒரு பெயர் இருக்க வேண்டும். ‘யாராவது’ என்று விட்ட வேலையை யாரும் செய்வதில்லை. மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-ம், மாநிலத்துக்கான 1070-ம் தாளின் தலைப்பில் இருக்கட்டும்.

இந்தத் தாளில் எதையெல்லாம் எழுதுவது என்பதை முந்தைய புயல்களே சொல்லித் தருகின்றன. 2011 டிசம்பர் 30 அன்று காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலில், பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததைத்தான் வெளியூர்க்காரர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். உள்ளூர்க்காரர்கள் நினைவில் வைத்திருப்பது அதற்குப் பிறகான இருட்டை. மின்கம்பங்கள் விழுந்ததால் மோட்டார் ஓடவில்லை; மோட்டார் ஓடாததால் குடிக்கத் தண்ணீர் இல்லை; சார்ஜ் இல்லாததால் யாரையும் அழைக்க முடியவில்லை. காற்று சில மணி நேரத்தில் ஓய்ந்தது. சில கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. ஆகவே புயலுக்கான ஏற்பாடு என்பது ஒரு பங்கு காற்றுக்கும் மூன்று பங்கு மின்வெட்டுக்கும் ஆனதாக இருக்க வேண்டும்.

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் இன்னொரு பாடத்தைச் சேர்த்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. மழை குறைந்ததும் கடலூரில் பலரும் இறக்கி வைத்ததை ஏற்றத் தொடங்கினார்கள். அடுத்த மழை திருவண்ணாமலை, கிருஷ்ணகிரிப் பக்கம் பெய்தது. சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறந்துவிடப்பட்ட தண்ணீர், தென்பெண்ணையில் இறங்கி, டிசம்பர் 2 அன்று கடலூரின் கரையோரக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. நம் தலைக்கு மேல் வானம் தெளிந்திருந்த வேளையில் வந்த வெள்ளம் அது. தென்பெண்ணை, கெடிலம் கரைகளில் வசிப்பவர்கள் தாளில் ஒரு வரியைக் கூடுதலாக எழுதிக்கொள்ள வேண்டும்: இங்கே மழை நின்றாலும், மேற்கே பெய்யும் மழையும் அணையின் நீர் வெளியேற்ற அறிவிப்பும் அடங்கும்வரை பையைப் பரணிலிருந்து இறக்குவதில்லை. புயலுக்கு மட்டும் உரிய பழக்கமாக இதை நினைக்க வேண்டாம். எந்தப் பிரச்சினையிலும் ‘முடிந்தது’ என்று மூச்சுவிடும் முன், அதன் மேற்குப் பக்கத்தில் என்ன பெய்துகொண்டிருக்கிறது என்று கேட்டுப் பழகலாம். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவருக்கு அடுத்த பரிசோதனை நாள் எது, வேலை மாறியவருக்குப் பழைய கணக்கில் நின்ற வருங்கால வைப்புநிதி என்ன ஆயிற்று என்பவை அந்த வகைக் கேள்விகள்.

மழைக்கு முன் செய்யும் வேலைகளிலேயே மிக எளியதையும் மிகுந்த பயன் தருவதையும் ஒன்று சொல்ல வேண்டுமானால், மொட்டை மாடித் தண்ணீர்ச் சோதனையைச் சொல்வேன். செப்டம்பர் கடைசியில், வெயில் உள்ள ஒரு நாளில், மழைநீர் இறங்கும் குழாயின் வாயைச் சுற்றியுள்ள தென்னம்பாளைத் துணுக்கு, வேப்பஞ்சருகு, காக்கை கொண்டுவந்து போட்ட எலும்பு எல்லாவற்றையும் கையால் அள்ளி எடுங்கள். பிறகு இரண்டு வாளித் தண்ணீரை மாடியின் எதிர்க்கோடியிலிருந்து ஊற்றிவிட்டு நின்று பாருங்கள். தண்ணீர் குழாயை நோக்கி ஓடுகிறதா, நடுவில் எங்காவது தேங்குகிறதா, குழாய்க்குள் இறங்கும்போது குமிழியிட்டுத் தயங்குகிறதா என்பது சில நிமிடத்தில் தெரிந்துவிடும். தேங்கும் இடத்தைச் சாக்கட்டியால் வட்டமிட்டு வைத்தால் கொத்தனாரிடம் விளக்க வேண்டியதே இல்லை. கீழே குழாய் முடியும் இடத்தில் ஒருவர் நின்று, ஊற்றிய தண்ணீர் அதே வேகத்தில் வருகிறதா என்று பார்த்தால் சோதனை முழுமையாகும். இதே கொத்தனார் நவம்பரில் கைப்பேசியை எடுக்க மாட்டார். அவர் வீட்டு மாடியும் அப்போது ஒழுகிக்கொண்டிருக்கும்.

கெட்டதைப் பேசும் நேரம்

வருமுன் செய்வதற்கு நம் குடும்பங்களில் உள்ள பெரிய தடை சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. நல்ல காரியத்தின்போது கெட்டதைப் பேசக் கூடாது என்ற மரபுதான் பெரிய தடை. கார்த்திகையில் கல்யாணம் வைக்கும் வீட்டில் இந்த உரையாடலைக் கேட்கலாம்:

‘கார்த்திகைல வைக்கிறோம் சித்தப்பா, மழை புடிச்சிக்கிட்டா என்ன பண்றது?’

‘நல்ல காரியம் பேசறப்ப ஏம்ப்பா அபசகுனமா வாய வைக்கிற? எல்லாம் அவன் பார்த்துப்பான்.’

பேச்சு அத்தோடு நின்றுவிடும். சித்தப்பாவோடு சகுனத்தைப் பற்றி வாதிடுவதில் பலனில்லை. கேள்வியை ஏற்பாட்டின் மொழியில் கேட்க வேண்டும். ‘சமையல்காரர் பந்தியைப் பின்னாடி ஷெட்ல போடவா, கீழ் ஹால்ல போடவான்னு கேக்கறாரு சித்தப்பா. உங்க அனுபவத்துல எது சௌகரியம்?’ என்று கேட்டால், அதே சித்தப்பா ஷெட்டின் ஓரத்தில் சாரல் அடிக்கும் என்பதையும், முன்பு ஒரு கல்யாணத்தில் ஜெனரேட்டர் டீசல் தீர்ந்ததையும், திருப்பாதிரிப்புலியூரில் ரயிலிலிருந்து இறங்கும் உறவினர்களுக்கு வேன் போதாமல் போனதையும் வரிசையாகச் சொல்லித் தீர்ப்பார். நமக்கு வேண்டியது அதுதான்.

இதையே முறையான பயிற்சியாக கேரி க்ளைன் என்ற உளவியலாளர் 2007-இல் விளக்கினார். தொடங்கப்போகும் காரியம் தோற்றுவிட்டது என்று வைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என்று ஒவ்வொருவரும் காரணம் எழுதுவதே அந்தப் பயிற்சி. ‘என்ன தவறு நடக்கலாம்’ என்று கேட்டால் மரியாதைக்காகப் பேசாமல் இருக்கிறவர்கள், ‘நடந்துவிட்டது, ஏன்’ என்று கேட்டால் சரளமாகச் சொல்லத் தொடங்குகிறார்கள். வீடு கட்டுவது, கடை தொடங்குவது, பிள்ளையை வெளியூர் விடுதியில் சேர்ப்பது போன்றவற்றுக்கு இது நன்றாகப் பயன்படும். கல்யாணத்துக்கு மட்டும், நிச்சயதார்த்தத்துக்கு முன்பே பேசி முடித்துவிடுவது உத்தமம்.

இதோடு சேர்ந்த இன்னொரு பலவீனத்தை உளவியலாளர்கள் டேனியல் கானமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே சுட்டிக்காட்டியிருக்கிறார்கள்: ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தை மதிப்பிடும்போது, முன்பு அதே வகை வேலைக்கு ஆன நேரத்தை விட்டுவிட்டு, எல்லாம் நல்லபடியாக நடந்தால் ஆகும் நேரத்தைத்தான் நாம் எடுத்துக்கொள்கிறோம். கடலூரிலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் வேலைக்குப் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். இருபத்தைந்து கிலோமீட்டருக்கும் குறைவான தூரம். ‘முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம்’ என்பார்கள். அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம் நெரிசலில் நின்றதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. புதுச்சேரியின் ஜிப்மர் மருத்துவமனைக்குக் காலையில் போய்ப் பதிவு செய்ய வேண்டியவர் இந்த முக்கால் மணியை நம்பினால் அன்றைய நாளே வீணாகிவிடலாம். மதிப்பீட்டை விட்டுவிட்டு, கடந்த ஐந்து முறை உண்மையில் எவ்வளவு ஆனது என்று பார்த்து, அதில் மிக அதிகமானதை எடுத்துக்கொள்வது பாதுகாப்பான வழி.

பதில் சொல்லும் முன்

பேச்சிலும் இதே முறை செல்லும் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பங்காளிகள் குழுவில் நிலம், பணம், யார் யாரை அழைக்கவில்லை என்பது போன்ற செய்தி வந்தால் என்ன செய்வது என்பதை, அப்படி எதுவும் வராத நாளில் முடிவு செய்துவிடுங்கள். ‘பணம், சொத்து பற்றிய செய்திக்கு எழுத்தில் பதில் கிடையாது, மறுநாள் காலை நேரில் அல்லது போனில்’ என்பது போன்ற ஒரு விதி போதும். கோபம் வந்தபிறகு விதி எழுதினால் அந்த விதியையே கோபம்தான் எழுதும். உடம்புக்கும் அப்படியே: இரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த வலியும் காட்டாது என்பதால், தலைசுற்றலை அடையாளமாக வைக்காமல் பிறந்தநாளை அடையாளமாக வைத்து, முப்பது வயது கடந்தவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளலாம். வீடு தேடி வந்து பார்க்கும் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து இதற்காக வெளியே போக வேண்டிய அவசியமும் பலருக்குக் குறைந்திருக்கிறது.

எங்கே நிறுத்துவது

முதலில் தனியே ஒதுக்கி வைத்த சில நிகழ்ச்சிகளுக்கு வருவோம். 2004 டிசம்பர் 26 அன்று காலை தேவனாம்பட்டினத்திலோ சிங்காரத்தோப்பிலோ இருந்த எந்தக் குடும்பமும் சுனாமிக்கு ஏற்பாடு செய்திருக்க முடியாது; அப்படி ஒன்று உண்டு என்பதே இந்தக் கரைக்குத் தெரியாது. அந்த வேலை ஒரு வீட்டின் வேலையும் அல்ல. 2007-இல் ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டதைப் போல அது அரசின் வேலை. இத்தகையவற்றுக்காக வீடு செய்யக்கூடியது, எதற்கும் உதவக்கூடிய பொதுவான இருப்பை வைத்துக்கொள்வதுதான்: கொஞ்சம் ரொக்கம், கொஞ்சம் நேரம், இரவில் கதவைத் தட்டினால் திறக்கும் இரண்டு வீடுகள்.

அந்தக் கொஞ்சம்கூட இல்லாத குடும்பங்கள் நம் தெருவிலேயே உண்டு. அன்றாடக் கூலியில் வாழ்பவரிடம் ‘பத்து நாள் மாத்திரை வாங்கி வையுங்கள்’ என்பது அறிவுரையாகாது. அவர்களுக்குச் செலவில்லாத ஏற்பாடுகள்தான் பொருந்தும்: சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரத்தில் வைப்பது, அவற்றைப் படமெடுத்துத் தெரிந்தவர் கைப்பேசிக்கும் அனுப்பி வைப்பது, அருகிலுள்ள நிவாரண முகாம் எந்தப் பள்ளியில் என்று கேட்டு வைத்துக்கொள்வது. மறுபக்கத்தில், ஒவ்வொரு மழைச் செய்திக்கும் அரிசி மூட்டையை அடுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஏற்பாட்டுக்கு ஆகும் செலவும் உழைப்பும், வரக்கூடிய இழப்பைவிடக் குறைவாக இருக்கும்வரைதான் அது நியாயமானது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வருமுன் செய்த வேலை வெளியில் தெரியாது. ஒழுகாத மாடியை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. சிலிண்டர் தீராத இரவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பெரும்பாலான வீடுகளில் இந்த வேலையைத் தலையில் சுமப்பவர் ஒரே ஒருவர், அதுவும் பெரும்பாலும் வீட்டுப் பெண். பால் கணக்கு, மாத்திரைக் கணக்கு, பிள்ளைகளின் தேர்வு அட்டவணை, மாமியாரின் கண் சோதனை என்று எல்லாவற்றையும் அவரே முன்கூட்டி நினைத்து வைப்பதால் மற்றவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள்; தங்களை அலட்டிக்கொள்ளாதவர்கள் என்று சொல்லிக்கொள்ளவும் செய்கிறார்கள். ஆகவே மேலே சொன்ன தாளை எழுதும்போது, இதுவரை அவர் மனத்தில் மட்டும் இருந்ததை முதலில் கேட்டு எழுதிவிட்டு, அதில் பாதிக்குக் குறையாத வரிகளுக்கு எதிரில் வேறு பெயர்களை எழுத வேண்டும். பெயர் எழுதப்பட்டவரே அந்த வேலையை நினைவில் வைத்திருக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அவர் வந்து ஞாபகப்படுத்திச் செய்வதாக இருந்தால் எதுவும் மாறவில்லை என்று பொருள்.

தாளைச் சமையலறைக் கதவின் உட்புறத்தில் ஒட்டுங்கள். ஒவ்வொரு புயலோ, கல்யாணமோ, சேர்க்கையோ முடிந்த ஒரு வாரத்துக்குள், எது பயன்பட்டது, எது வீண், எது விட்டுப்போனது என்று பார்த்து வரிகளைத் திருத்துங்கள். பென்சிலில் எழுதியிருந்தால் திருத்துவது சுலபம்.